காலையில் வெள்ளை, இரவில் மஞ்சள்

1

அன்று இருந்தவர்களும், அவர்கள் உட்கார்ந்திருந்த இடமும்:

அக்கா: சாப்பாட்டு மேசையில், சமையலறைப் பக்கத்து நாற்காலி. யார் தட்டு காலியானாலும் அங்கிருந்தே அவளுக்குத் தெரிந்துவிடும்.

அத்தான்: அவளுக்கு எதிரே, சன்னலுக்கு முதுகு காட்டி. நகரப் பேருந்து ஓட்டுபவர். வாரத்தில் ஆறு நாள் பார்க்கிற சாலை, ஞாயிற்றுக்கிழமையாவது முதுகுக்குப் பின்னால் கிடக்கட்டும் என்பார்.

பக்கத்து வீட்டுக்காரர்: சுவரோரத்து நாற்காலி. மடியில் ஒரு கோப்பு.

நான்: குளிர்பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு முக்காலியில். வேடிக்கை பார்த்துக்கொண்டு.

எந்தக் கடிதத்தையும் இப்படி இடம், ஆள் என்று வரிசைப்படுத்திக்கொண்டுதான் தொடங்குவேன். நான் படித்த சிறிய ஊர்ப் பள்ளியில் கடிதம் எழுதுவதற்கு ஐந்து மதிப்பெண். இடத்துக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று, விளிப்புக்கு ஒன்று, முடிப்புக்கு ஒன்று. மிச்சமிருக்கும் ஒன்று, சொல்ல வந்த செய்திக்கு. நான் எப்போதும் நான்கு வாங்குவேன்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எழுதும் ஆசையால் பிறந்ததல்ல. ஒரு கடிதத்தை எழுதாமல் தப்பிப்பதற்காக எழுதப்படுவது. கடிதம் வியாழக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். இன்று திங்கள்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன். அடித்துப் போடாமல் அப்படியே வைக்கிறேன்.

முதல் தொடக்கம்: "ஒரு வெள்ளிக்கிழமை காலை, பேருந்து ஓட்டுநர் ஒருவரின் இதயம் ஒரு நிறுத்தத்தில் நிற்க மறந்தது."

(கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பொய். அத்தான் எந்த நிறுத்தத்தையும் மறந்தவர் அல்லர். தலை சுற்றியபோதுகூட நிறுத்தத்தில் ஒழுங்காக நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங் மேல் சாய்ந்தார்.)

இரண்டாம் தொடக்கம்: "ஆன்டிபயாடிக் மருந்துகளில் மேக்ரோலைடு என்றொரு குடும்பம் உண்டு. நெஞ்சுச் சளி, தொண்டை, சைனஸ் என்று உலகம் முழுவதும் எழுதிக் கொடுக்கப்படுவது. பெரும்பாலானோருக்கு ஒரு தொல்லையும் தராது. மிகச் சிலருக்கு மட்டும் இதயத் துடிப்பின் தாளத்தையும் கல்லீரலையும்"

(இங்கே நிறுத்திவிட்டேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் மாதிரி இருந்தது. அந்தத் தாளை யார் படிக்கிறார்கள்? நான் படித்ததில்லை. அதை எடுத்து வைத்ததுகூட இல்லை.)

மூன்றாம் தொடக்கம்: "பக்கத்து வீட்டுக்காரர் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர்."

இதுதான் சரியாக வருகிறது. இதையே பிடித்துக்கொள்கிறேன்.

3

பக்கத்து வீட்டுக்காரர் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். அவர் வீட்டில் மிஞ்சும் மாத்திரைகள் மற்ற வீடுகளைப் போல டப்பாவில் குப்பையாகக் கிடக்காது. அட்டையிலிருந்து ஒவ்வொரு மாத்திரையையும் கத்தரிக்கோலால் தனித்தனிச் சதுரமாக வெட்டுவார். மூலைகளைக்கூட மழுக்குவார். பெயர் அச்சடித்த ஓரம் துண்டு துண்டாகப் போகும், அதைக் குப்பையில் போடுவார். சதுரங்களைப் பழுப்பு உறைகளில் இட்டு, எண் போட்டு, மேலே எதற்கான மருந்து என்று அழகான கையெழுத்தில் எழுதுவார். உறை 9, வயிற்றுக்கு. உறை 11, பல்லுக்கு. உறை 14, இருமலுக்கு. உறைகள் அத்தனையும் ஒரு கோப்பில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் சாப்பிடும்போதே நாலு தடவை இருமினார்.

"எத்தனை நாளா இது?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"மூணு நாள் இருக்கும். நான் இருமினா பின்னாடி இருக்கிறவங்க எல்லாரும் கண்ணாடியில என்னையே பார்க்கிறாங்க. ஹாரன் அடிக்கிறதுக்குப் பதிலா இருமினாலே வழி விட்டுடறாங்க."

"டாக்டர்கிட்ட போங்கன்னு சொன்னா காதுல விழாது," என்றாள் அக்கா. அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். காது அவள் துறை இல்லை என்பதால் அதற்கு மேல் சொல்வதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் கோப்பைப் பிரித்தார். உறை 14 வெளியே வந்தது. உள்ளே பன்னிரண்டு சதுரங்கள். ஆறு வெள்ளை, ஆறு மஞ்சள்.

"ரெண்டு கலரா இருக்கே," என்றார் அத்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கணம் யோசித்தார். ஒழுங்கான மனிதர் அல்லவா? பேனாவை எடுத்து உறையின் மேல் எழுதினார்: காலையில் வெள்ளை, இரவில் மஞ்சள்.

"ஆறு நாளைக்குக் கச்சிதமா வரும் அத்தான்."

"மச்சான், நீ இருக்கிற வரைக்கும் எனக்கு எதுக்கு டாக்டர்?"

(மேலே அத்தான் பக்கத்து வீட்டுக்காரரை 'மச்சான்' என்று கூப்பிட்டுவிட்டார். அவரும் 'அத்தான்' என்றுவிட்டார். படி எடுக்கும்போது திருத்த வேண்டும்.)

4

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நான்காம் நாளே இருமல் நின்றது. ஐந்தாம் நாள் வயிற்றால் போனது. ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை, நான் சொன்ன அந்த நிறுத்தம். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று படி தவறி விழுந்து எழுந்த மாதிரி இருந்ததாம். கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி வேறு ஓட்டுநரை வரவழைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அக்கா அவரை வெளிச்சத்துக்கு இழுத்துக் கண் இமையைக் கீழே இறக்கிப் பார்த்தாள்.

"வெள்ளை விழி மஞ்சளா இருக்கு. எழுந்திருங்க."

பேருந்து நிறுவனத்தின் மருத்துவ அதிகாரி ஈ.சி.ஜி. எடுத்தார், இரத்தம் எடுத்தார். பிறகு கேள்விகள். அக்கா சொன்னதிலிருந்து எழுதுகிறேன்.

"உங்க இதயம் துடிச்சு முடிச்சிட்டு, அடுத்த துடிப்புக்குத் தயாராகிற நேரம் இருக்கே, அது நீளமா இழுக்குது."

"டெர்மினஸ்ல வண்டி திரும்ப லேட்டாகுதுன்னு சொல்றீங்க."

"அப்படித்தான். ரொம்ப லேட்டானா ஆபத்து. கல்லீரல் எண்கள் வேற நாலு மடங்கு இருக்கு. என்ன மாத்திரை எடுக்கிறீங்க?"

"கொழுப்பு மாத்திரை. ரெண்டு வருஷமா, தினமும் ஒண்ணு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லைங்க."

"வாரத்துக்கு எவ்வளவு குடிப்பீங்க?"

"டீயா? நாளைக்கே ஆறு ஆகும்."

அதிகாரி சிரிக்கவில்லை. தாளில் எழுதினார்: 'மது? மறுக்கிறார்.'

மதுவுக்கு ஒரு கேள்விக்குறி. அத்தானின் வாழ்க்கை அந்தக் கேள்விக்குறியில் மாட்டிக்கொண்டு தொங்குகிறது. குடிக்கிற ஓட்டுநருக்கு நிறுவனம் வண்டி தராது. பயணிகள் தவறவிட்ட பொருட்கள் அறைக்கு அவரை மாற்றிவிட்டார்கள். குடைகளுக்குச் சீட்டுக் கட்டும் வேலை. வியாழக்கிழமை மருத்துவக் குழு கூடுகிறது. மறுபடி ஸ்டியரிங்கா, அல்லது ஓய்வு பெறும் வரை குடைகளா என்பது அன்று முடிவாகும்.

5

இடைக்குறிப்பு. அக்கா அத்தானுடன் ஒன்பது நாள் பேசவில்லை.

பதினெட்டு வருடமாகக் கூடவே இருக்கிறவர் எங்கே, எப்போது குடிக்கிறார் என்று தேடினாள். செருப்பு அலமாரி, பரண், பழைய தலையணை உறை. கடைசியில் அவருடைய வேலைப் பையில் நீலமாக ஒரு குப்பி அகப்பட்டது. திறந்து முகர்ந்து பார்த்துப் பதினொரு தும்மல் தும்மினாள். வண்டிக் கண்ணாடி துடைக்கிற திரவம்.

"கண்ணாடி துடைக்கிறதையுமா குடிப்பாங்க?" என்று அத்தான் கேட்டாராம். அவள் குப்பியை மூடிப் பைக்குள் திருப்பி வைத்தாள். பிள்ளை இல்லாத வீடு. ஒருவர் பேசாவிட்டால் வீட்டில் பேச்சே இல்லை.

6

இப்போது கதாபாத்திரம் பற்றி ஒரு சந்தேகம்.

பக்கத்து வீட்டுக்காரர் எழுத எழுதச் சரியாக வரவில்லை. அவர் எதற்கு ஞாயிறுதோறும் அக்கா வீட்டில் சாப்பிட வேண்டும்? அவருக்கு எதற்கு அத்தனை பழுப்பு உறைகள்? ஒரு லிஃப்ட் நிறுவனத்தின் கடிதப் பிரிவில் இருபத்திரண்டு வருடம், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதுகிறவனிடம்தான் அத்தனை உறைகள் இருக்கும். 'தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம். தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்.' நான் எழுதிய பதிலைப் படித்துவிட்டு, மறுபடி அதே லிஃப்டில் தைரியமாக ஏறியவர்கள் இருக்கிறார்கள். அக்கா என்னைப் 'போஸ்ட் ஆபீஸ்' என்று கூப்பிடுவதும் இதனால்தான்.

பட்டியலைத் திருத்துகிறேன்.

குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி கிடையாது. அங்கே தண்ணீர் கேன் இருக்கிறது. அக்கா வீட்டுக்கு வலது பக்கம் தையல் கடை, இடது பக்கம் சந்து. சுவரோரத்து நாற்காலியில், மடியில் கோப்புடன் உட்கார்ந்திருந்தது நான்.

பன்னிரண்டு மாத்திரைகளும் என்னுடையவை. ஆறு, போன வருடத்து நெஞ்சுச் சளிக்கு எழுதிக் கொடுத்ததில் மிஞ்சியவை. ஆறு, அதற்கு முந்தைய வருடத்து சைனஸில் மிஞ்சியவை. இரண்டு தடவையும் உடம்பு தேறியதும் பாதியில் நிறுத்திவிட்டு, மீதியைக் கத்தரித்துச் சேமித்தேன். சிக்கனம் என்று நினைத்தேன்.

என்ன செய்தேன் என்று எனக்கே உடனே புரியவில்லை. அத்தான் குடைகளுக்குப் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா அடுப்படியில் இருக்கும்போது கேட்டேன்.

"டாக்டர் என்னென்ன மாத்திரைன்னு கேட்டப்போ நான் கொடுத்ததைச் சொன்னீங்களா?"

"அதை எதுக்குச் சொல்லணும்?"

"மாத்திரைதானே அத்தான் அது."

"அவர் மருந்து என்னன்னு கேட்டார். அது நீ கொடுத்தது மச்சான். வீட்டு விஷயம்." அவர் என் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தார். "சாப்பிடு. இளைச்சுட்டே."

7

உறை 14 இன்னும் அத்தான் சட்டைப் பையில்தான் இருந்தது. மாத்திரை ஏதும் இல்லை என்று நினைத்து மடக்கிப் போட்டிருந்தார். ஆனால் மடிப்புப் பசையில் ஒரு மஞ்சள் சதுரம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் உறையையும் என் கோப்பையும் எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய், நடந்ததைச் சொன்னேன்.

மருந்துக் கடை அம்மா எனக்கு மாத்திரை விற்கிறவர், இருபது வருடப் பழக்கம். சதுரத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கணினியில் என் பழைய சீட்டுகளைத் தேடினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை.

"பேரை வெட்டிப் போட்டுட்டு நம்பர் போட்டு வச்சிருக்கீங்க."

"இருமலுக்குன்னு எழுதியிருக்கேனே."

"இருமலுக்குன்னு எழுதினா மாத்திரைக்குத் தெரியுமா? இந்த மஞ்சளும் உங்ககிட்ட இருந்த வெள்ளையும் வேற வேற மருந்து. ஆனா ஒரே குடும்பம். அண்ணன் தம்பி. காலையில அண்ணனை அனுப்பியிருக்கீங்க, ராத்திரி தம்பியை. ரெண்டு பேருமே துடிப்போட தாளத்துல கை வைக்கக்கூடியவங்க. வயித்தால போனா உடம்புல உப்புச் சத்து குறையும், அப்போ இன்னும் மோசம். கொழுப்பு மாத்திரை எடுக்கிறாரா?"

"ஆமா."

"எந்த மாத்திரைன்னு தெரியுமா?"

அத்தான் பெயரில் அவர் கொடுத்திருந்த சீட்டு அதே கணினியில் இருந்தது. பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இதையும் மஞ்சளையும் சேர்த்துக் கொடுக்கவே மாட்டோம். கொடுத்தா கொழுப்பு மாத்திரை உடம்புல தேங்கிடும். கல்லீரல் என்ன பண்ணும் பாவம், எத்தனை பேரை உபசரிக்கும்?"

"சரியாயிடுமா?"

"மாத்திரை தீர்ந்துடுச்சுல்ல, அனேகமா சரியாயிடும். இது அபூர்வமா வர்றது. முழுசா வேற காரணமே இல்லைன்னு நான் சொல்ல முடியாது, டாக்டர்தான் பார்க்கணும். ஆனா அவருக்குத் தெரிஞ்சாத்தானே பார்ப்பார். நாளைக்கே மறுபடி இருமல் வந்து, வேற ஒரு டாக்டர் தெரியாம இதையே எழுதிக் கொடுத்தா?"

(அடிக்குறிப்பு: இந்தக் குடும்பத்து மருந்துப் பெயர்கள் 'மைசின்' என்று முடியும். அதே வால் உள்ள வேறு மருந்துகளும் உண்டு, வாலை வைத்து யாரையும் முடிவு கட்டாதீர்கள் என்றார் மருந்துக் கடை அம்மா. நான் எழுதிக்கொண்டேன்.)

கோப்பில் இருந்த மற்ற உறைகளையும் அங்கேயே கொடுத்துவிடச் சொன்னார், பாதுகாப்பாக அழிப்பதற்கு. மொத்தம் இருபத்தொரு உறைகள். உறை 17இல் 'பொதுவாக' என்று எழுதியிருந்தது. அதை அவர் இரண்டு தடவை படித்தார்.

8

ஒரு திருப்பம் சொல்கிறேன். இதை நான் கற்பனை செய்திருந்தால் எனக்கே பெருமையாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து மறுபரிசோதனை. துடிப்பு நேராகிவிட்டது. கல்லீரல் எண்கள் ஏறக்குறைய இயல்புக்கு இறங்கிவிட்டன. விழி வெள்ளை. வீடே மகிழ வேண்டிய நாள்.

மருத்துவ அதிகாரி அத்தானின் தோளைத் தட்டினார். "பார்த்தீங்களா, குடியை விட்டதும் எவ்வளவு சீக்கிரம் குணமாகுது."

உடம்பு தேறத் தேற அவர் குடித்திருக்கிறார் என்பது உறுதியாகிக்கொண்டே போகிறது. இன்னும் கொஞ்சம் ஆரோக்கியமானால் வேலையே போய்விடும்.

9

கடிதத்தின் முதல் படியை இன்று மதியம் அக்காவின் கடைக்கு எடுத்துப் போனேன். வாடிக்கையாளர் யாரும் இல்லை. கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். படியை வாங்கி, எழுத்துப் பலகை இருந்த இடத்தில் கிளிப் போட்டு மாட்டினாள்.

"படி."

"பெரிய எழுத்துல இல்லையே அக்கா."

"உன் கையெழுத்துதானே. படி."

படித்தேன். "'மேற்படி ஓட்டுநருக்குச் சில மாத்திரைகள் வழங்கப்பட்டிருப்பதாகத் தெரியவருகிறது. இது தொடர்பாக ஏற்பட்ட கவனக்குறைவு வருந்தத்தக்கது.'"

"யார் வழங்கினது?"

மாட்டியிருந்த தாளில் பதிலைத் தேடினேன்.

"வானத்துலேர்ந்து விழுந்துச்சா?"

"நான்தான் அக்கா. உறை பதினாலு."

அவள் கையில் இருந்த கண்ணாடி வில்லையை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எழுதுவதற்கு எளிதாக இருந்திருக்கும்.

"ஒன்பது நாள்டா," என்றாள். "ஒன்பது நாள் அவர் சமையலறை வாசல்ல வந்து நின்னுட்டு, நின்னுட்டுப் போவார். நான் திரும்பிக்கூடப் பார்க்கலை."

"அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"நீ கொடுக்கும்போது நானும் அங்கேதான உட்கார்ந்திருந்தேன். யார் தட்டு காலின்னு பார்த்துட்டு இருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். அதற்குப் பிறகு பழைய அக்கா. "உன்னைப் போஸ்ட் ஆபீஸ்னு கூப்பிட்டதுக்கு இப்போ வருத்தப்படறேன். போஸ்ட் ஆபீஸ்ல விலாசம் இல்லாம எதையும் வாங்க மாட்டாங்க. அங்கேயே உட்காரு. 'நான் கொடுத்தேன்'னு எழுது. என் எதிர்ல எழுது."

எழுதினேன். மூன்றாவது வரியில் ஒரு சொல்லைத் தேடி நின்றபோது, "பேனா நிக்குது," என்றாள்.

10

வாசகரே, உங்களுக்காகச் சில முடிவுகள் தயார் செய்து வைத்திருந்தேன்.

முடிவு அ: மருத்துவ அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுகிறார். அத்தான் வண்டியை ஓட்டி வருகிறார், பயணிகள் கைதட்டுகிறார்கள். (நான் தினமும் பேருந்தில் போகிறேன். வண்டி ஓட்டுவதற்காக யாரும் கைதட்டிப் பார்த்ததில்லை.)

முடிவு ஆ: சொந்தக்காரரைக் காப்பாற்ற எழுதிய பொய் என்று அதிகாரி கடிதத்தை ஒதுக்குகிறார். (நடக்கலாம். நானே ஆயிரம் கடிதங்களை ஒதுக்கியிருக்கிறேன்.)

முடிவு இ: அத்தானுக்குக் குடை அறையே பிடித்துப்போய்விடுகிறது. (இதை அவரிடம் சொன்னேன். "நாப்பத்தேழு குடை இருக்கு மச்சான். ஒண்ணுகூட ஸ்டாப் வந்துடுச்சான்னு கேட்க மாட்டேங்குது," என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் இந்த முடிவைக் கைவிட்டேன்.)

முடிவு ஈ: நான்

(எழுத வரவில்லை.)

11

கடிதம் இதுதான்.

'மருத்துவ அதிகாரி அவர்களுக்கு,

தங்கள் நிறுவனத்தின் ஓட்டுநரான என் அக்காள் கணவருக்கு, மருத்துவரைக் கேட்காமல், என்னிடம் மிஞ்சியிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளை நான் கொடுத்தேன். இரண்டு வகை, ஆறு நாளில் அவர் சாப்பிட்டது பதினொரு மாத்திரை. பெயர்களை மருந்துக் கடையின் சீட்டுடன் இணைத்துள்ளேன். அவர் தினமும் எடுக்கும் கொழுப்பு மாத்திரையின் பெயரும் அதில் உள்ளது. அவர் இதைத் தங்களிடம் மறைக்கவில்லை. நான் கொடுத்ததை அவர் மருந்தாகவே நினைக்கவில்லை. என்னை நம்பியதுதான் அவர் செய்த தவறு.

இனி எந்த மருத்துவரும் இதைத் தெரியாமல் அவருக்கு மருந்து எழுதாதபடி அவருடைய கோப்பில் பதியுமாறு வேண்டுகிறேன். மது பற்றித் தாங்கள் இட்ட கேள்விக்குறிக்கு இதுவே என் பதில். சான்றாக உறை இணைப்பு. அதிலிருப்பது என் கையெழுத்து.'

இடம், நாள், விளிப்பு, முடிப்பு, எல்லாம் போட்டேன். உறை 14ஐ இரண்டாக மடித்து உள்ளே வைத்தேன். 'காலையில் வெள்ளை, இரவில் மஞ்சள்' என்பது மேலே தெரியும்படி. வாழ்க்கையில் இவ்வளவு அழகாக நான் வேறெதையும் எழுதியதில்லை.

கடையை விட்டு வெளியே வந்தால் மழை. தெருமுனைத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். அக்கா போனில் சொல்லியிருக்கிறாள். கையில் பெரிய கறுப்புக் குடை, கைப்பிடியில் சீட்டு.

"இருபத்து மூணாம் நம்பர். பதிவேட்டுல கையெழுத்து போட்டுட்டுத்தான் எடுத்தேன்," என்றார் முதல் வேலையாக. பிறகு கடிதத்தைப் பார்த்தார். "இதெல்லாம் எதுக்கு மச்சான்? உன் பேரும் கெட்டு..."

"படிக்கறீங்களா? இன்னும் ஒட்டலை."

விலாசத்தை மட்டும் படித்தார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பெட்டியை நாலு மணிக்குத் திறப்பாங்க. ஒட்டு."

பசையை நாக்கால் நனைத்து, குடைக்கடியில், அவர் முதுகை மேசையாக வைத்து அழுத்தி ஒட்டினேன். முதுகு வழியாக அவர் இதயம் கைக்குத் தட்டுப்பட்டது. எண்ணிப் பார்த்தேன். ஒழுங்காக, நேரத்துக்கு வந்து, நேரத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

"என்ன, இன்னும் ஒட்டலையா?"

"ஒட்டிட்டேன் அத்தான்."

முடிவு ஈ இதுவரைதான் எனக்குத் தெரியும். வியாழக்கிழமை அந்த அறையில் யார் எங்கே உட்காருவார்கள், யார் முதலில் உறையைப் பிரிப்பார்கள் என்பதை எழுத எனக்கு வழியில்லை. நீங்கள்தான் அங்கே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். சுவரோரமாக வேண்டாம்.

"நனையாமப் போடு," என்று குடையை என் பக்கம் சாய்த்தார் அத்தான். போட்டேன். மற்ற கடிதங்களின் மேல் அது விழுகிற சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது.